தங்கம் நெருங்கினால் வெளிச்சம்

புதிதாக எனாமல் பெயின்ட் அடித்த அறைக்குள் நுழைந்ததும் தின்னர் நெடி மூக்கைத் துளைக்கிறது. அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் வேலை பார்த்தால் நெடி குறைந்துவிட்டது போலத் தோன்றும். வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். மறுபடியும் அதே நெடி, அதே வேகத்தில். இடையில் குறைந்தது எது? அறையில் இருந்த ஆவியா, நம் மூக்கின் உணர்வா?

மூக்கின் உணர்வுதான். ஒரே மணம் விடாமல் வந்துகொண்டிருந்தால் மூக்கும் மூளையும் அதைப் பழகிக்கொண்டு ஓரமாக ஒதுக்கிவிடும். புதிதாக ஏதாவது வருகிறதா என்று பார்ப்பதே மூக்கின் வேலை. எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது அதன் வேலையில்லை. நாள் முழுக்கப் பெட்ரோல் பங்கில் நிற்பவருக்குப் பெட்ரோல் வாசனை தெரியாமல் போவது இதனால்தான்.

தெரியாமல் போவதால் ஆபத்து குறைவதில்லை. பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. இந்தியாவின் பி.எஸ்.6 தரப்படி கன அளவில் 1 சதவீதம் வரை இருக்கலாம். ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று ஐயமில்லாமல் நிறுவப்பட்டது அது. அமெரிக்காவில் 8 மணி நேர வேலை நாளுக்கு அனுமதிக்கப்பட்ட சராசரி, காற்றின் பத்து லட்சம் பங்கில் 1 பங்கு பென்சீன். அந்த அளவைத் தாண்டிய பிறகுதான் பெரும்பாலான மனிதர்களின் மூக்குக்கு அது எட்டவே செய்கிறது. மூக்கை மட்டும் நம்பியிருந்தால் எச்சரிக்கை தாமதமாகத்தான் வரும்.

அறை மூலையில் ஒரு சிட்டிகை தூள் இருக்கிறது, ஆவி வந்தால் அது ஒளிர்கிறது, போனால் அணைந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்கம்பி வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஒரு சிறு புற ஊதா விளக்கு போதும். அப்படிப்பட்ட தூள்கள் உண்மையிலேயே இருக்கின்றன. இவற்றின் குணத்தை இந்த அத்தியாயத்தில் ஆவியொளிர்வு என்று அழைக்கலாம்.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. ஆவி ஒளிர்வதில்லை. தூளின் தனி மூலக்கூறும் ஒளிர்வதில்லை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் அந்த நெருக்கத்தில்தான் ஒளி பிறக்கிறது.

ஆவி ஏன் கண்ணில் படுவதில்லை

அசிட்டோன், டொலுயீன், பென்சீன் போன்ற கரைப்பான்கள் எல்லாம் பாட்டிலில் இருக்கும்போதே தண்ணீர் போலத் தெளிவானவை. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எந்த நிறத்தையும் அவை பிடித்துவைப்பதில்லை. உள்ளே போன வெளிச்சம் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. அவை விழுங்குவது புற ஊதாக் கதிரை. அது நம் பார்வைக்கு அப்பாற்பட்டது. போதாக்குறைக்கு, திரவம் ஆவியாகும்போது சில நூறு மடங்கு விரிந்து காற்றோடு கலந்துவிடுகிறது. பிறகு பார்ப்பதற்கு அங்கே என்ன மிச்சம் இருக்கும்?

எனவே ஆவியை நேராகப் பார்க்க வழியில்லை. ஆவி பட்டதும் தான் மாறுகிற இன்னொரு பொருளைத்தான் பார்க்க வேண்டும். அப்படி ஒன்றை நாம் ஏற்கெனவே வீட்டில் பார்த்திருக்கிறோம்.

பையில் கிடக்கும் நீல மணிகள்

கேமரா, கைப்பை, மருந்துப் புட்டி வாங்கும்போது உள்ளே ஒரு சிறு பொட்டலம் கிடக்கும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள். சிலவற்றில் மணிகள் நீலமாக இருக்கும். மழைக்காலத்தில் திறந்துவைத்தால் இளஞ்சிவப்பாக மாறும். வாணலியில் போட்டு வறுத்தால் மீண்டும் நீலம். இந்த நிறத்துக்குக் காரணம் மணியில் ஏற்றியிருக்கும் கோபால்ட் குளோரைடு. (அது நச்சுத்தன்மை உள்ளது. அதனால்தான் இப்போது ஆரஞ்சு நிற மணிகள் பரவலாகிவருகின்றன. நீல மணிகளைச் சமையல் பாத்திரத்தில் வறுக்க வேண்டாம்.)

உலர்ந்த கோபால்ட் குளோரைடில் கோபால்ட் அணுவைச் சுற்றிக் குளோரின்கள். ஈரக்காற்று பட்டால் நீர் மூலக்கூறுகள் வந்து கோபால்ட்டோடு நேராக இணைந்துகொள்கின்றன. பக்கத்தில் இருப்பவர் மாறியதும் கோபால்ட் விழுங்கும் நிறமும் மாறுகிறது. நீராவியை நாம் பார்க்கவில்லை. நீராவி செய்த மாற்றத்தைப் பார்க்கிறோம்.

இதில் ஆவி, உலோகத்தோடு பிணைப்புப் போட்டது. இனி நாம் பார்க்கப்போகும் படிகத்தில் ஆவி எதனோடும் பிணைப்புப் போடுவதில்லை. சும்மா உள்ளே வந்து உட்காருகிறது. அதற்கே படிகம் நிறம் மாறி ஒளிர்கிறது. எப்படி?

ஒரு பச்சை உப்பு

கதை 1828இல் தொடங்குகிறது. ஹைன்ரிஷ் குஸ்தாவ் மாக்னுஸ் என்ற ஜெர்மானியர் இரண்டு பிளாட்டின உப்புக் கரைசல்களின் சேர்க்கையில் ஒரு படிகத்தைப் பெற்றார். ஒன்றில் பிளாட்டினத்தைச் சுற்றி நான்கு அம்மோனியா, அதற்கு நிறமில்லை. மற்றதில் பிளாட்டினத்தைச் சுற்றி நான்கு குளோரின், அது சிவப்பு. இரண்டும் சேர்ந்து வந்த படிகமோ பச்சை. நிறமற்றதும் சிவப்பும் சேர்ந்தால் இளஞ்சிவப்பு வரலாம். பச்சை எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. எக்ஸ் கதிர் கொண்டு படிகத்தின் உள்ளமைப்பை 1950களில் பார்த்தபோது, தட்டையான அந்த இரு வகை மூலக்கூறுகளும் மாறி மாறி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. நடுவில் இருந்த பிளாட்டினங்கள் நேர்க்கோட்டில் நின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறத்தாழ 3.25 ஆங்ஸ்ட்ராம். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம். அணுக்களின் உலகத்துக்குப் பொருத்தமான அளவுகோல் அது.

பச்சை நிறம் இரு மூலக்கூறுகளில் எதற்கும் சொந்தமானதல்ல. அந்த அடுக்குக்குச் சொந்தமானது. அப்படியானால் அடுக்கின் இடைவெளியை மாற்றினால் நிறமும் மாற வேண்டும். மாக்னுஸின் உப்பில் மூலக்கூறுகள் இறுக்கமாக அடைந்துகிடந்தன. உள்ளே எதுவும் நுழைய இடமில்லை. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டாவில் 3எம் நிறுவனத்தார், இதே குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் கொழுத்த கரிமக் கைகள் கொண்ட பிளாட்டின இரட்டை உப்புகளை எடுத்து, ஆவி பட்டால் அவை நிறம் மாறுவதைக் காட்டிக் காப்புரிமை பெற்றார்கள். அதே மாநிலப் பல்கலைக்கழகத்தில் கென்ட் மான் குழுவினர் அந்தப் பாதையில் பல ஆண்டுகள் உழைத்தார்கள்.

பிளாட்டினத்தின் கதையை இங்கே நிறுத்திக்கொள்வோம். இதே நாடகம் இன்னும் துல்லியமாக நடப்பது தங்கத்தில்.

ரோச்செஸ்டரின் தங்கத் தூள்

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஐசன்பெர்க்கும் அவருடைய குழுவினரும் 1998இல் ஒரு தங்கச் சேர்மத்தைப் பற்றி எழுதினார்கள். இந்த அத்தியாயத்தின் நாயகன் அந்தச் சேர்மம்தான். நிதானமாகப் பார்ப்போம்.

அதன் ஒரு மூலக்கூறில் இரண்டு தங்க அணுக்கள். இவை நகையில் இருக்கும் உலோகத் தங்கமல்ல. ஒவ்வொன்றும் ஓர் எலக்ட்ரானை இழந்து நேர்மின் ஏற்ற தங்கம். இரண்டையும் இரு பக்கமும் கவ்விப் பிடித்திருப்பவை கந்தகம் கொண்ட இரண்டு கரிம இடுக்கிகள். உலோகத்தைப் பிடித்திருக்கும் இத்தகைய மூலக்கூறுகளை வேதியியல் பாடநூல்கள் ஈனி என்று சொல்லும். ஒவ்வோர் ஈனியின் வால்பக்கமும் ஐந்து கார்பன் நீளமுள்ள இரண்டு சங்கிலிகள் தொங்குகின்றன. இந்தச் சங்கிலிகளை நினைவில் வைத்திருங்கள்.

இந்தச் சேர்மத்தை டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பானிலிருந்து படிகமாக்கினால் ஆரஞ்சு நிறப் படிகங்கள் கிடைக்கின்றன. புற ஊதா விளக்கைக் காட்டினால் அவை ஒளிர்கின்றன. அவற்றை உலர்த்திக் கரைப்பானை வெளியேற்றினால் ஆரஞ்சு போய்விடுகிறது. எஞ்சுவது நிறமற்ற தூள். அதே விளக்கின் கீழே அது ஒளிர்வதில்லை.

இப்போது அந்த நிறமற்ற தூளின் அருகில் அசிட்டோன் ஆவியைக் கொண்டுவருகிறோம். நகப்பூச்சை அழிக்கப் பயன்படுகிற அதே அசிட்டோன். தூள் மறுபடி ஆரஞ்சாகிறது, மறுபடி ஒளிர்கிறது. அசிட்டோநைட்ரைல், டைகுளோரோமீத்தேன், குளோரோஃபார்ம் ஆவிகளுக்கும் இதே பதில். மெத்தனாலும் எத்தனாலும் வந்தால் தூள் விழிப்பதில்லை.

எக்ஸ் கதிர்ப் படம் இரண்டு நிலைகளையும் காட்டிக்கொடுத்தது. ஆரஞ்சு நிலையில் மூலக்கூறுகள் முனையோடு முனை வைத்து வரிசையாக நிற்கின்றன. ஒரு மூலக்கூறின் தங்கத்துக்கும் அடுத்த மூலக்கூறின் தங்கத்துக்கும் இடைவெளி 2.96 ஆங்ஸ்ட்ராம். இது எவ்வளவு நெருக்கம் என்பதை உணர ஓர் ஒப்பீடு: தூய தங்கக் கட்டியில் பக்கத்துப் பக்கத்து அணுக்களின் தூரம் 2.88 ஆங்ஸ்ட்ராம். வெவ்வேறு மூலக்கூறுகளில் இருக்கும் தங்கங்கள் கிட்டத்தட்ட உலோகத்தில் இருப்பதுபோல நெருங்கிவிட்டன. படிகத்தின் ஊடாகத் தங்கத்தாலான ஒரு நூல் ஓடுகிறது என்றே சொல்லலாம்.

நிறமற்ற நிலையில் அந்த நூல் அறுந்துகிடக்கிறது. அங்கே வெவ்வேறு மூலக்கூறுகளின் தங்கங்கள் நெருங்கிவரும் மிகக் குறைந்த தூரமே 8 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல். அந்தத் தூரத்தில் ஒரு தங்கத்துக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது.

மூலக்கூறு இரண்டு நிலையிலும் ஒன்றுதான். ஓர் அணுகூடக் கூடவில்லை, குறையவில்லை. 8 ஆங்ஸ்ட்ராம் 3 ஆனது. விளக்கு எரிந்தது.

விலக வேண்டியவை ஏன் நெருங்குகின்றன

கூர்ந்து படிப்பவருக்கு இங்கே ஒரு கேள்வி எழும். இரண்டு தங்கமும் நேர்மின் ஏற்றவை என்றோமே, ஒரே மின்னேற்றம் கொண்டவை விலகத்தானே வேண்டும்?

விலகத்தான் வேண்டும். ஆனாலும் இந்த வகைத் தங்கச் சேர்மங்களில் தங்கம் தங்கத்தை நாடுவதை வேதியியலாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். மியூனிக்கின் ஹுபெர்ட் ஷ்மிட்பாவர் 1980களின் இறுதியில் இதற்கென்று தனிப் பெயரே சூட்டினார். நாம் பொன்னீர்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இதன் வலிமை, தண்ணீர் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்பின் வலிமையை ஒத்தது. உண்மையான வேதிப் பிணைப்போடு ஒப்பிட்டால் பலவீனம். அறை வெப்பத்தில் மூலக்கூறுகளை வரிசையில் நிறுத்திவைக்கப் போதுமானது. மாற்றி அமைக்கக்கூடிய அளவுக்குத் தளர்வானதும்கூட. இரண்டும் வேண்டும். இன்னும் பலமாக இருந்தால் கரைப்பானை வெளியேற்றிய பிறகும் நூல் அறாது. விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், ஒன்றையும் சொல்லாது.

பொன்னீர்ப்புக்கு வலுக்கூட்டுவது ஐன்ஸ்டைனின் சார்பியல் என்பதுதான் வியப்பு. தங்கத்தின் அணுக்கருவில் 79 புரோட்டான்கள். அவ்வளவு பெரிய ஈர்ப்பைச் சமாளித்து உள்வட்டத்தில் சுற்றும் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதியையும் தாண்டுகின்றன. ஏறத்தாழ 58 சதவீதம். அந்த வேகத்தில் நிறை கூடுகிறது, வட்டம் சுருங்குகிறது. உள்வட்டம் சுருங்கியதன் தாக்கம் வெளிவட்டங்கள் வரை பரவுகிறது. சில வெளிவட்டங்களும் சுருங்குகின்றன. வேறு சில சற்றே விரிந்து பக்கத்து அணுவை எட்டுகின்றன. தங்கம் நீலத்தை விழுங்கி மஞ்சளாக மின்னுவதும் இதே காரணத்தால்தான். வெள்ளிக்கு 47 புரோட்டான்களே. அதனால் அது வெண்மையாக இருக்கிறது. நம் வீட்டு நகையின் மஞ்சளும் ரோச்செஸ்டர் தூளின் ஆரஞ்சும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதைப் படித்த நாளிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை.

நெருக்கம் எப்படி ஒளியாகிறது

அணுவில் எலக்ட்ரான்கள் நிற்பதற்கென்று ஆற்றல் படிகள் உண்டு. நிரம்பிய படிகள் கீழே, காலிப் படிகள் மேலே. நிரம்பிய படிகளில் உயர்ந்ததற்கும் காலிப் படிகளில் தாழ்ந்ததற்கும் உள்ள இடைவெளிதான் ஒரு பொருளின் நிறத்தைத் தீர்மானிக்கிறது. இடைவெளி பெரிதாக இருந்தால் தாண்டப் புற ஊதாவின் ஆற்றல் வேண்டும்; பொருள் நமக்கு நிறமற்றதாகத் தெரியும். இடைவெளி குறுகினால் கண்ணுக்குத் தெரியும் ஒளியே போதும். பொருள் நிறம் காட்டத் தொடங்கும்.

இரண்டு தங்க அணுக்கள் நெருங்கும்போது அவற்றின் படிகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. நிரம்பிய உச்சிப்படி கொஞ்சம் மேலேறுகிறது. காலி அடிப்படி கொஞ்சம் கீழிறங்குகிறது. இரண்டும் எதிரெதிராக நகர்வதால் நடுவிலுள்ள இடைவெளி குறுகுகிறது. மூன்றாவது தங்கம், நான்காவது தங்கம் என்று நூல் நீள நீள இன்னும் குறுகுகிறது. 8 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் கலப்பே இல்லை, நிறமும் இல்லை. 3 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்ததும் இடைவெளி கண்ணுக்குத் தெரியும் ஒளியின் எல்லைக்குள் இறங்கிவிடுகிறது. நீலத்தை விழுங்குகிற தூள் நமக்கு ஆரஞ்சாகத் தெரிகிறது.

மேல்படிக்கு ஏறிய எலக்ட்ரான் திரும்பி வந்தாக வேண்டும். வாங்கிய ஆற்றலை அது இரண்டு விதமாகக் கொடுக்கலாம்: மூலக்கூறை அதிரவைத்துச் சூடாக வீணாக்கலாம், அல்லது ஒளியாக உமிழலாம். தனித்து நிற்கும் மூலக்கூறுகளின் தூளில் அது சூடாகவே கரைந்துபோகிறது. தங்க நூல் அமைந்த படிகத்தில் ஒளியாக வெளியே வருகிறது.

கல்லுக்குள் ஆவி நுழைவது எப்படி

படிகம் என்றதும் நம் மனதில் வருவது உப்பு, வைரம், கற்கண்டு. இறுகிய பொருள்கள். அதற்குள் அசிட்டோன் எப்படிப் போகிறது? போகிற இடமெங்கும் மூலக்கூறுகளை நகர்த்தி வைக்கவும் செய்கிறதே!

செங்கல் சூளையில் பச்சைக் கற்களை அடுக்குகிறவர்கள் தீ ஊடுருவ இடைவெளி விட்டே அடுக்குவார்கள். இந்த வகைப் படிகங்களிலும் அப்படி இடைவெளி உண்டு. முன்பு நினைவில் வைக்கச் சொன்ன அந்த ஐந்து கார்பன் சங்கிலிகள்தான் காரணம். நீண்டு நெளியும் அந்த வால்கள் ஒன்றோடொன்று கச்சிதமாக அடைந்து உட்கார முடியாது. ஆரஞ்சுப் படிகத்தில் கரைப்பான் மூலக்கூறுகள் இருந்தது இப்படி அமைந்த இடங்களில்தான். தவிரவும், மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது சாப்பாட்டு உப்பில் இருப்பதைப் போன்ற கடும் மின்விசை அல்ல, தளர்வான ஈர்ப்புகள். விருந்தாளி வந்தால் நகர்ந்து இடம் கொடுக்க முடியும்.

விருந்தாளி போய்விட்டால் காலி இடத்தைப் படிகம் சும்மா வைத்திருப்பதில்லை. மூலக்கூறுகள் சரிந்து, திரும்பி, வேறு விதமாக அடைந்து உட்கார்ந்து இடத்தை நிரப்பப் பார்க்கின்றன. அந்தச் சரிவில்தான் தங்க நூல் அறுகிறது. ஆவி திரும்ப வரும்போது அது செய்வதெல்லாம் மூலக்கூறுகள் பழையபடி நிற்கத் தேவையான இடத்தைத் தாங்கிப் பிடிப்பதுதான்.

மெத்தனால், எத்தனாலைத் தூள் கண்டுகொள்ளாததிலும் பாடம் இருக்கிறது. அவை அசிட்டோனைவிடப் பெரிய மூலக்கூறுகள் அல்ல, மெத்தனால் சிறியதுங்கூட. ஆகவே, நுழையும் அளவு இருப்பது மட்டும் போதாது. உள்ளே நெருக்கமான வரிசைக்குத் துணைநிற்கும் குணமும் விருந்தாளிக்கு வேண்டும்.

இருட்டில் ஒரு துளி குளோரோஃபார்ம்

ஆவியைவிட்டுச் சற்று விலகினாலும் சொல்லாமல் இருக்க முடியாத ஒரு சோதனை உண்டு. கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் ஆலன் பால்ச் குழுவினர் 1997இல் அறிவித்தது. மூன்று தங்க அணுக்கள் முக்கோணமாக அமைந்த மூலக்கூறுகள். முக்கோணத்தின்மேல் முக்கோணமாகத் தூண்போல் அடுக்கப்பட்ட நிறமற்ற படிகங்கள். தூணில் தங்கங்களுக்கு இடையே 3.35 ஆங்ஸ்ட்ராம்.

புற ஊதா விளக்கைக் கொஞ்ச நேரம் படிகங்கள்மேல் காட்டிவிட்டு அணைக்கிறார்கள். இருட்டு. இப்போது ஒரு துளி குளோரோஃபார்ம். துளி பட்ட இடத்தில் மஞ்சள் ஒளி பளிச்சென்று வெடித்து எழுகிறது. விளக்கு அணைந்தே இருக்கிறது. சற்று முன் வாங்கிய ஆற்றலைப் படிகம் தங்கத் தூண்களுக்குள் பூட்டிவைத்திருந்தது. கரைப்பான் வந்து அடுக்கைக் குலைத்ததும் அது ஒளியாக விடுபட்டது. இங்கேயும் தனி மூலக்கூறுக்கு இந்த வித்தை தெரியாது. அடுக்குக்குத்தான் தெரியும்.

தங்கம் கட்டுப்படியாகுமா

ஆகாது. பிளாட்டினமும் ஆகாது. ஒரு சிட்டிகைதான் என்றாலும் ஆயிரக்கணக்கான தொழிற்கூடங்களின் சுவரில் ஒட்ட வேண்டுமானால் மலிவான உலோகம் வேண்டும். செம்பு அந்த இடத்துக்கு வருகிறது.

செம்பு அயோடைடையும் மெத்தில்பிரிடின் என்ற கரிமப் பொருளையும் சேர்த்தால் ஒரே கூட்டுப்பொருள் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்றில் செம்பும் அயோடினும் மாடிப்படிபோல் முடிவில்லாத சங்கிலியாக நீள்கின்றன. புற ஊதா விளக்கின் கீழ் அது நீலமாக ஒளிரும். இன்னொன்றில் நான்கு செம்பும் நான்கு அயோடினும் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளில் மாறி மாறி உட்கார்ந்திருக்கின்றன. அதில் செம்புகள் ஒன்றுக்கொன்று நெருக்கம், ஒளி மஞ்சள்.

எலேனா கரியாட்டியும் சான்டா பார்பராவின் பீட்டர் ஃபோர்டும் 2000ஆம் ஆண்டில் காட்டியது இது: நீலச் சங்கிலித் தூளின்மேல் டொலுயீன் ஆவி பட்டால் சங்கிலிகள் அறுந்து கனசதுரங்களாகத் திரண்டு மஞ்சளாக ஒளிர்கின்றன. பென்டேன் பட்டால் கனசதுரங்கள் பிரிந்து மீண்டும் நீலச் சங்கிலி. பெயின்ட் தின்னரில் பெருமளவு கலக்கப்படும் பொருள்களில் ஒன்று டொலுயீன். தங்கத் தூளில் மூலக்கூறுகள் இடம் மட்டும்தான் மாறின. இங்கே பிணைப்புகளே அறுந்து புதிதாக உருவாகின்றன, அதுவும் திடநிலையிலேயே. எனக்கு இது தங்கத்தைவிடப் பெரிய துணிச்சலாகப் படுகிறது.

கியோட்டோவின் கூடு

இதுவரை பார்த்த படிகங்களில் ஆவி நுழைய இடம் தற்செயலாக அமைந்தது. இடத்தைத் திட்டமிட்டே கட்டினால் என்ன? உலோக அணுக்களை மூலைகளாகவும் கரிம மூலக்கூறுகளைத் தூண்களாகவும் வைத்து உள்ளே காலியான கூடுகளைக் கட்டும் கலைக்கு 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சுசுமு கிதகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

கிதகாவாவின் கியோட்டோ குழு 2011இல் துத்தநாகத்தை வைத்து இப்படி ஒரு கூடு கட்டியது. உண்மையில் ஒன்றல்ல, ஒன்றுக்குள் ஒன்று பின்னிய இரண்டு கூடுகள். உள்ளே வரும் மூலக்கூறின் வடிவத்துக்கேற்ப அவை ஒன்றின்மேல் ஒன்று சறுக்கி அதைக் கச்சிதமாக அணைத்துக்கொள்கின்றன. அணைத்த நிலையில் தூணும் விருந்தாளியும் சேர்ந்தே ஒளிர்கின்றன. அதனால் யார் வந்தார்கள் என்பதைப் பொறுத்து நிறம் மாறுகிறது. டொலுயீன் என்றால் நீலம், அனிசோல் என்றால் பச்சை, அயோடோபென்சீன் என்றால் சிவப்பு. தங்கத் தூள் ‘யாரோ வந்திருக்கிறார்கள்’ என்று சொன்னது. இந்தக் கூடு பெயரைச் சொல்கிறது.

சுவரில் ஒட்டுவதற்கு முன்

இவ்வளவு அழகான பொருள்கள் இருந்தும் ஏன் பெட்ரோல் பங்குகளில் இவற்றைக் காணோம்? தடைகள் மெய்யானவை.

முதலாவது, காற்றில் எப்போதும் இருக்கும் நீராவி. சில படிகங்கள் அதையும் விருந்தாளியாக ஏற்றுக்கொண்டு குழம்பிவிடும். நம் ஊர் மழைக்காலக் காற்றில் தின்னர் ஆவியைவிடப் பன்மடங்கு நீர் இருக்கும். அடுத்தது பிடியின் வலிமை. ஆவியைத் தளர்வாகப் பிடிக்கும் படிகம் சீக்கிரம் விட்டுவிடும். ஆனால் ஆவி அடர்த்தியாக இருந்தால்தான் விழிக்கும். இறுக்கமாகப் பிடிக்கும் படிகம் மெல்லிய ஆவிக்கும் விழிக்கும். ஆனால் ஆவி போன பிறகும் ஒளிர்ந்துகொண்டேயிருக்கும், சூடு காட்டித்தான் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பென்டேன் பட்டதும் திரும்புகிற செம்புத் தூளும், மீட்டெடுக்க இன்னோர் ஆவியைக் கேட்கிறது. ஒவ்வொரு முறை மூலக்கூறுகள் இடம்பெயரும்போதும் படிகம் கொஞ்சம் விரிசல் விடுவதும் உண்டு.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் கலவை. பெட்ரோல் ஆவியில் ஒரு பொருளா இருக்கிறது? ஒரே படிகத்தால் அத்தனை பேரையும் பிரித்துச் சொல்ல முடியாது. இதற்கு ஒரு வழியை இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கென்னத் சஸ்லிக் 2000இல் காட்டினார். அவர் பயன்படுத்தியது படிகங்களை அல்ல, சாயங்களை. வெவ்வேறு சாயங்களைப் பொட்டுப் பொட்டாக ஒரு சிறு அட்டையில் வைத்து, ஆவி பட்ட பின் எல்லாப் பொட்டுகளின் நிற மாற்றத்தையும் சேர்த்துப் படித்தார். எந்தப் பொட்டும் தனியாக விடை சொல்லவில்லை. பொட்டுகளின் மொத்தக் கோலம் ஒவ்வோர் ஆவிக்கும் வேறாக இருந்தது.

அதே அட்டையை ஒளிரும் படிகங்களால் நிரப்பலாம். பக்கத்துப் பக்கத்தில் ஒரு தங்கப் பொட்டு, ஒரு செம்புப் பொட்டு, ஒரு துத்தநாகக் கூட்டின் பொட்டு, மேலே ஒரு புற ஊதா விளக்கு. அசிட்டோன் வந்தால் தங்கப் பொட்டு ஆரஞ்சாகும். டொலுயீன் வந்தால் செம்பு நீலத்திலிருந்து மஞ்சளுக்குத் தாவும். துத்தநாகக் கூடு நீலமாக ஒளிரும். எத்தனால் வந்தாலோ தங்கப் பொட்டு இருண்டே கிடக்கும். அட்டையைப் படிப்பவர் அந்த இருட்டையும் ஒரு விடையாகக் குறித்துக்கொள்ளலாம்.